மின்னூலை இரவல் தருவது ஏன் நீதிமன்றம் வரை போகிறது?

2024 செப்டம்பர் 4 அன்று, அச்சு நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக இரவல் தந்துவந்த இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பின் மேல் பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கில் அமெரிக்காவின் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிப்பாளர்கள் ஜெயித்தார்கள். உடனே இணையத்தில் இரண்டு கட்சிகள் கிளம்பின. "நூலகங்களுக்கே தடை போட்டுவிட்டார்கள்" என்றது ஒன்று. "திருட்டுத் தளத்துக்குப் பூட்டுப் போட்டாயிற்று" என்றது மற்றொன்று. இரண்டு பேச்சுக்கும் தீர்ப்புக்கும் சம்பந்தமே இல்லை. எந்த நூலகமும் தடை செய்யப்படவில்லை, அந்தத் தளமும் இன்றுவரை இயங்குகிறது. ஆனாலும் 5 லட்சத்துக்கும் அதிகமான நூல்கள் அதன் இரவல் வரிசையிலிருந்து இறக்கப்பட்டுவிட்டன.

இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் பிடிபட்டால் போதும். நூலை இரவல் தருவது தப்பு என்று இந்த வழக்கில் யாருமே வாதாடவில்லை. சண்டை முழுக்கப் பிரதி எடுப்பதைப் பற்றியது.

அச்சு நூலுக்கு யார் அனுமதியும் வேண்டாம்

பதிப்புரிமை என்றால், ஒரு படைப்பைப் பிரதி எடுக்கவும், மக்களிடம் விநியோகிக்கவும், அதிலிருந்து மொழிபெயர்ப்பு போன்ற புதிய வடிவங்களை உருவாக்கவும் படைப்பாளிக்குச் சட்டம் தரும் தனியுரிமை. எழுத்தாளர் அதை ஒப்பந்தம் போட்டுப் பதிப்பாளருக்குக் கொடுப்பது வழக்கம். விநியோகமும் அந்த உரிமைக்குள்தான் வருகிறது என்றால், நூலகம் எப்படி யாரையும் கேட்காமல் ஆயிரம் பேருக்குப் புத்தகம் தருகிறது?

அதற்குப் பதில் 1908-இல் கிடைத்தது. பாப்ஸ்-மெரில் என்ற அமெரிக்கப் பதிப்பகம் தன் நாவல் ஒன்றில், இதை 1 டாலருக்குக் குறைவாக விற்கக் கூடாது என்று அச்சடித்திருந்தது. நியூயார்க்கின் மேசிஸ் கடை அதை 89 சென்டுக்கு விற்றது. பதிப்பகம் வழக்குப் போட்டது, உச்ச நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது. ஒரு பிரதியை விற்றுக் காசு வாங்கிய பிறகு, அந்தப் பிரதி அடுத்து எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த முடியாது. இதற்கு முதல் விற்பனைக் கோட்பாடு என்று பெயர். பின்னால் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே இது எழுதப்பட்டது. பழைய புத்தகக் கடைகள் நடப்பதும் நூலகங்கள் நடப்பதும் இதன் பலத்தில்தான்.

எழுத்தாளர்களுக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு, அது நியாயமான குறைதான். அமெரிக்காவில் ஒரு நூலகப் பிரதியை நூறு பேர் படித்தாலும் எழுத்தாளருக்குக் கிடைப்பது முதலில் விற்ற ஒரு பிரதிக்கான பங்கு மட்டுமே. டென்மார்க் 1946-லிருந்தும், பிரிட்டன் 1979-இல் நிறைவேற்றிய சட்டத்தின் மூலமும், நூலகத்தில் இருக்கும் நூல்களுக்காக எழுத்தாளருக்கு அரசுப் பணத்திலிருந்து ஒரு தொகை தருகின்றன. அமெரிக்காவில் அப்படி எதுவும் இல்லை. 

இதுவரை பார்த்தது: அச்சு நூலை வாங்கியவர் அதை விற்கலாம், இரவல் தரலாம், சும்மாவும் கொடுக்கலாம். ஆனால் அதைப் பார்த்து இன்னொரு பிரதி எடுக்கும் உரிமை அவருக்கு வரவில்லை.

கோப்பு நகர்வதில்லை, பெருகுகிறது

மழைக்கு உங்கள் குடையை இரவல் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குடை என் கைக்கு வந்துவிட்டது, இனி நீங்கள் நனைய வேண்டியதுதான். உலகத்தில் குடைகளின் எண்ணிக்கை கூடவில்லை. அச்சு நூல் இரவலும் இப்படித்தான்.

இப்போது வேறு மாதிரி யோசியுங்கள். உங்கள் குடையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அச்சு அசலாக அதே போன்ற இன்னொரு குடையைச் செய்து என்னிடம் தருகிறீர்கள். நான் திருப்பித் தரும்வரை பெட்டியைத் திறக்க மாட்டேன் என்று சத்தியமும் செய்கிறீர்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் குடை பிடிக்கிறோம் என்பது உண்மை. ஆனால் புதிதாக ஒரு குடை செய்யப்பட்டது என்பதும் உண்மை. குடைக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதால் இதை யாரும் கேட்கப் போவதில்லை. புத்தகத்துக்கு உண்டு.

கணினிக் கோப்பை "அனுப்புகிறோம்" என்று சொன்னாலும் உள்ளே நடப்பது நகல்தான். அனுப்பியவரிடம் இருப்பது அப்படியே இருக்கும், பெறுபவரின் கருவியில் புதிதாக ஒன்று எழுதப்படும். அனுப்பிய கையோடு பழையதை அழித்துவிட்டால் சரியாகிவிடாதா? இந்தக் கேள்வியை ரீடிஜி என்ற நிறுவனம் சோதித்துப் பார்த்தது. காசு கொடுத்து வாங்கிய பாட்டுக் கோப்புகளைப் பயனாளர்கள் மறுவிற்பனை செய்ய அது வழி செய்தது. விற்றவரின் கணினியிலிருந்து கோப்பு அழிந்துவிடும்படி மென்பொருளும் எழுதியிருந்தார்கள். 2018 டிசம்பரில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பழையது அழிந்தாலும் இந்தப் பக்கம் புதிதாக ஒரு பிரதி பிறந்துவிட்டது, முதல் விற்பனைக் கோட்பாடு பிரதி எடுக்க அனுமதி தரவில்லை என்று முடித்துவிட்டது. அந்தத் தீர்ப்பைச் சொன்னதும் இதே இரண்டாம் வட்டார நீதிமன்றம்தான். ஆகவே நூலக வழக்கு அங்கே போனபோது காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பது ஓரளவு தெரிந்தே இருந்தது.

நூலகம் மின்னூலை வாங்குவதில்லை

பலருக்கும் தெரியாத இடம் இது. நூலகத்தின் செயலியில் ஒரு மின்னூலைத் தட்டி எடுக்கிறோம், பதினான்கு நாளில் தானாகத் திரும்பிவிடுகிறது. நூலகம் அந்த மின்னூலைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறது என்றுதான் எண்ணுகிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. நூலகம் பெறுவது உரிமம், அதாவது இன்னின்ன நிபந்தனைகளின் கீழ் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற ஒப்பந்த அனுமதி. வாங்கிய பொருளுக்கு முதல் விற்பனைக் கோட்பாடு துணை நிற்கும். உரிமத்தில் ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம்.

ஹார்ப்பர்காலின்ஸ் 2011-இல் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு மின்னூலை 26 தடவை இரவல் கொடுத்ததும் உரிமம் தீர்ந்துபோகும், மேலும் வேண்டுமென்றால் புதிதாகப் பணம் கட்ட வேண்டும். அச்சுப் பிரதி கிழிந்து போவது மாதிரி மின்னூலும் "கிழிய" வேண்டும் என்ற ஏற்பாடு! வேறு சில பெரிய பதிப்பகங்கள் இரண்டு ஆண்டுக் கெடு வைத்தன. யாரும் ஒரு தடவைகூடப் படிக்காவிட்டாலும் கெடு முடிந்ததும் நூல் போய்விடும். மேக்மில்லன் இன்னும் ஒரு படி மேலே போனது. 2019 நவம்பரிலிருந்து, புதிய மின்னூல் வெளிவந்த முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்புக்கு எவ்வளவு பெரிதானாலும் ஒரே ஒரு பிரதிதான் என்றது. நூலகங்கள் கொதித்து எழுந்தன. 2020 மார்ச்சில் அந்த விதி கைவிடப்பட்டது.

பதிப்பாளர் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. அச்சு நூலை எடுக்க நூலகம் வரை நடக்க வேண்டும், திருப்பித் தரவும் நடக்க வேண்டும். அந்தச் சிரமத்துக்குச் சோம்பல்பட்டே பலர் கடையில் வாங்கிவிடுவார்கள். மின்னூல் இரவலில் அந்தச் சிரமம் துளியும் இல்லை. படுக்கையில் படுத்தபடியே எடுக்கலாம் என்றால் எவன் காசு கொடுத்து வாங்குவான் என்ற பயம் அவர்களுடையது. பயம் போலியானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்காக, ஒரு நூலகம் காலாகாலத்துக்கும் ஒரு நூலைச் சேர்த்து வைக்கவே முடியாத நிலையை உருவாக்கியிருப்பது அளவு மீறிய மருந்து என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை பார்த்தது: அச்சு நூல் நூலகத்தின் சொத்து. மின்னூல் பெரும்பாலும் வாடகைக்கு வந்த பொருள்.

குறுக்கே ஒரு மூன்றாம் வழி

உரிமத்தின் பிடியிலிருந்து தப்ப நூலகத் துறையினர் சிலர் ஒரு வழி யோசித்தார்கள். எங்களிடம் அச்சு நூல் இருக்கிறது, அது எங்கள் சொத்து. அதை நாங்களே ஸ்கேன் செய்கிறோம். அச்சுப் பிரதியை யாருக்கும் தராமல் எடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஸ்கேன் பிரதியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் இரவல் தருகிறோம். மூன்று அச்சுப் பிரதி இருந்தால் மூன்று பேர், அவ்வளவுதான். கெடு முடிந்ததும் கோப்பு திறக்காது, நகல் எடுக்கவும் முடியாதபடி பூட்டு இருக்கும். இந்த முறைக்குக் கட்டுப்படுத்தப்பட்ட டிஜிட்டல் இரவல் என்று பெயர். குடையைப் பெட்டியில் பூட்டுகிற கதை இதுதான்.

இதற்குச் சட்ட நியாயம் கற்பிக்கும் விரிவான அறிக்கை ஒன்று 2018-இல் வந்தது. ஆனால் அதற்கும் வெகு முன்பே இன்டர்நெட் ஆர்க்கைவ் இதைச் செய்துகொண்டிருந்தது. ப்ரூஸ்டர் கேல் 1996-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு அது. பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைப்பதால் பலருக்கும் பரிச்சயம். பதிப்புரிமை இன்னும் தீராத நூல்கள் மட்டும் அதனிடம் சுமார் 36 லட்சம் இருந்தன.

அது வைத்திருந்த கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. தன் கிடங்கில் உள்ள அச்சுப் பிரதிகளோடு, கூட்டுச் சேர்ந்த பிற நூலகங்களின் பிரதிகளையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டது. அந்த நூலகங்கள் தங்கள் அச்சுப் பிரதியை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டனவா என்று யாரும் உறுதியாகச் சரிபார்க்கவில்லை. ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி. அதிலேயே ஆட்டம் கண்டால் எதிர்த்தரப்பு விடுமா?

பெருந்தொற்றுக் காலத்தில் நடந்தது

2020 மார்ச்சில் கொரோனாவால் நூலகங்கள் மூடப்பட்டன. மார்ச் 24 அன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் "தேசிய அவசரகால நூலகம்" என்ற பெயரில் அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. ஒரே நூலை ஒரே நேரத்தில் 10,000 பேர் வரை எடுக்கலாம் என்று ஆயிற்று. நல்லெண்ணத்தில் செய்ததாகவே இருக்கட்டும், அதன் சட்ட வாதம் நின்றிருந்த ஒற்றைத் தூணை அதுவே உருவியது. ஜூன் 1 அன்று ஹாஷெட், ஹார்ப்பர்காலின்ஸ், வைலி, பெங்குவின் ராண்டம் ஹவுஸ் ஆகிய நான்கு பதிப்பகங்கள் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தன. வழக்கில் சுட்டப்பட்ட நூல்கள் 127. ஜூன் நடுவிலேயே அவசரகால நூலகம் மூடப்பட்டது.

இங்கேதான் மிகப் பரவலான தவறான எண்ணம் ஒன்று இருக்கிறது. கொரோனா காலத்தில் அத்துமீறியதால் மட்டுமே தோற்றார்கள், பழையபடி ஒன்றுக்கு ஒன்று என்று இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று பலர் சொல்கிறார்கள். தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. ஒன்றுக்கு ஒன்று கணக்கை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும் பதிப்புரிமை உள்ள நூலை இப்படி முழுதாக ஸ்கேன் செய்து பொதுமக்களுக்குத் தருவது செல்லாது என்பதுதான் முடிவு. அத்துமீறல் வழக்கைக் கொண்டுவந்தது என்று சொல்லலாம், தோல்விக்கு அது மட்டும் காரணம் இல்லை.

நீதிமன்றம் கேட்ட நான்கு கேள்விகள்

அனுமதி இல்லாமல் பிரதி எடுத்த பிறகு மிஞ்சியிருக்கும் ஒரே கேடயம் நியாயமான பயன்பாடு. விமரிசனம், ஆய்வு, கற்பித்தல் போன்ற காரியங்களுக்காக, சில சூழ்நிலைகளில், அனுமதி கேட்காமலே ஒரு படைப்பைப் பயன்படுத்த அமெரிக்கச் சட்டம் விடும் இடம் இது. இத்தனை பக்கம் எடுக்கலாம், இத்தனை விழுக்காடு எடுக்கலாம் என்ற அளவுகோல் எதுவும் அதில் கிடையாது. நீதிபதி நான்கு விஷயங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பார்: எதற்காகப் பயன்படுத்தினார்கள், பயன்படுத்திய படைப்பு எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தார்கள், அதனால் படைப்பின் சந்தை அடிபடுமா.

நடுவில் உள்ள இரண்டையும் வேகமாகத் தாண்டிவிடலாம். கற்பனைப் படைப்புகளும் இருந்தன, முழு நூலையும் எடுத்தார்கள். இரண்டும் ஆர்க்கைவுக்குப் பாதகம்.

முதல் கேள்விதான் ருசிகரமானது. இங்கே கூகுள் புக்ஸ் வழக்கை ஒப்பிட்டால் வெளிச்சம் கிடைக்கும். கூகுளும் அனுமதி கேட்காமல் கோடிக்கணக்கான பக்கங்களை ஸ்கேன் செய்தது, அதுவும் லாபம் பார்க்கும் நிறுவனம். ஆனால் 2015-இல் இதே இரண்டாம் வட்டார நீதிமன்றத்தில் அது ஜெயித்தது. ஏன்? கூகுள் அந்த ஸ்கேன்களைக் கொண்டு நூல்களுக்குள் தேடும் வசதியை உண்டாக்கியது. தேடியவருக்குக் காட்டியது ஒரு சில வரித் துணுக்குகள். முழு நூலையும் அதில் படித்து முடிக்க முடியாது. நூலுக்கு இல்லாத ஒரு புதிய பயன் அங்கே பிறந்தது. இப்படி மூலத்திலிருந்து வேறான நோக்கத்துக்குப் பயன்படுத்துவதை உருமாற்றப் பயன்பாடு என்கிறார்கள். ஆர்க்கைவ் செய்ததோ நூலை நூலாகவே படிக்கத் தருவது. தாளிலிருந்து திரைக்கு மாறியது, படிக்கும் காரியம் மாறவில்லை. அதனால் உருமாற்றம் இல்லை என்றார் மாவட்ட நீதிபதி ஜான் கோல்டல் 2023 மார்ச்சில், மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது.

ஒரே ஒரு இடத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தைத் திருத்தியது. ஆர்க்கைவ் செய்தது வணிகப் பயன்பாடு என்று கீழே சொல்லியிருந்தார்கள். இல்லை, இது லாப நோக்கமற்றதுதான் என்றது மேலே. இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சும்மாதானே தருகிறோம், காசு வாங்கவில்லையே என்ற வாதம் ஏற்கப்பட்ட பிறகும் வழக்கு தோற்றது. இலவசம் என்பது தனியாக ஒரு பாதுகாப்பு ஆகாது.

அப்புறம் நான்காம் கேள்வி, சந்தை. தங்கள் இரவலால் விற்பனை குறையவில்லை என்று ஆர்க்கைவ் நிபுணர்களைக் கொண்டு புள்ளிவிவரம் காட்டியது. அந்தக் கணக்குகள் நீதிமன்றத்தை நம்பவைக்கவில்லை. இலவசமாக முழு நூலும் கிடைத்தால், காசு கொடுத்து உரிமம் வாங்கும் சந்தைக்கு அது மாற்றாகிவிடும், இது சொல்லாமலே விளங்கும் என்ற தொனியில் தீர்ப்பு போகிறது. எனக்குத் தீர்ப்பில் உறுத்தலாகப் படுவது இந்த இடம்தான். பதிப்பாளர்கள் தங்கள் பக்கம் இழப்புக்குப் பெரிய கணக்கு எதையும் வைக்க வேண்டியிருக்கவில்லை. சட்டப்படி நியாயமான பயன்பாடு என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனாலும் கைவசம் இருந்த எண்களை ஒதுக்கிவிட்டுப் பொது அறிவை வைத்து முடிவெடுத்தது போலத்தான் இருக்கிறது.

இதுவரை பார்த்தது: பிரதி எடுத்ததற்கு ஒரே சால்ஜாப்பு நியாயமான பயன்பாடு. நான்கு கேள்விகளும் பதிப்பாளர் பக்கமே சாய்ந்தன. 2024 டிசம்பரில், உச்ச நீதிமன்றத்துக்குப் போகப் போவதில்லை என்று ஆர்க்கைவ் அறிவித்தது.

தீர்ப்பு தொடாத இடங்கள்

பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களுக்கு இதில் எந்தப் பாதிப்பும் இல்லை. அவற்றை யாரும் ஸ்கேன் செய்யலாம், யாருக்கும் தரலாம். பார்வைக் குறைபாடு போன்ற காரணங்களால் அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு, பல்கலைக்கழக நூலகங்களின் டிஜிட்டல் நூல் சேகரமான ஹாத்திட்ரஸ்ட் மீதான வழக்கின் 2014 தீர்ப்பும் அதற்குத் துணை நின்றது. அவர்களுக்கான வசதி தொடர்கிறது. நூலகங்கள் உரிமம் பெற்று மின்னூல் தருவதிலும் மாற்றமில்லை. இன்னொன்று: தடை உத்தரவு, பதிப்பாளர்கள் மின்னூலாகவும் விற்கும் நூல்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. அச்சில் தீர்ந்துபோய், மின்னூலாகவும் வராத நூல்களைப் பற்றி அந்த உத்தரவில் எதுவும் இல்லை. ஆனால் தீர்ப்பின் தர்க்கம் அவற்றுக்கும் பொருந்தாது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. யாரும் விற்காத, எங்கும் கிடைக்காத நூலால் எந்தச் சந்தை அடிபடும் என்ற வாதத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது.

ஐரோப்பாவில் வேறு பாதை

இதே கேள்வி ஐரோப்பாவில் வேறு விதமாகத் தீர்ந்தது. நெதர்லாந்து நூலகங்கள் தொடர்பான வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016 நவம்பரில், ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்ற முறையில் மின்னூலை இரவல் தருவதை அச்சு நூல் இரவலைப் போலவே நடத்தலாம் என்றது. அங்கே இரவலுக்கு ஈடாக எழுத்தாளருக்குத் தொகை போகும் ஏற்பாடு முன்பே இருந்ததால், கொடுப்பதும் பெறுவதும் ஒரு கணக்கில் அடங்கியது. ஆனால் அந்த வழக்கு முறையாகப் பெற்ற மின்னூலைப் பற்றியது. அச்சு நூலை நூலகமே ஸ்கேன் செய்வதைப் பற்றியது இல்லை. 2019-இல் அதே நீதிமன்றம், பழைய மின்னூல்களை விற்ற டாம் கேபினெட் என்ற நிறுவனத்தின் வழக்கில், படித்து முடித்த மின்னூலைப் பழைய புத்தகம் போல மறுவிற்பனை செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டது. இரவலுக்குக் கதவு திறந்தவர்கள் விற்பனைக்குச் சாத்திவிட்டார்கள்.

இனி எங்கே நடக்கும் சண்டை

ஸ்கேன் வழி அடைபட்ட பிறகு அமெரிக்க நூலகங்களின் கவனம் உரிமத்தின் நிபந்தனைகள் மேல் திரும்பியிருக்கிறது. மேரிலாந்து மாநிலம் 2021-இல் ஒரு சட்டம் போட்டது: பொதுமக்களுக்கு மின்னூல் விற்கும் பதிப்பாளர் நூலகங்களுக்கும் நியாயமான நிபந்தனையில் உரிமம் தர வேண்டும். மறு ஆண்டே அது நீதிமன்றத்தில் விழுந்தது. பதிப்புரிமை மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது, மாநிலம் பதிப்பாளரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பது காரணம். அந்த அடியிலிருந்து பாடம் படித்து, கனெக்டிகட் 2025-இல் கயிற்றை மறுமுனையில் பிடித்தது. பதிப்பாளரை எதுவும் செய்யச் சொல்லவில்லை. ஆண்டுக் கெடுவும் இரவல் எண்ணிக்கைக் கெடுவும் ஒருசேரப் போடும் மின்னூல் ஒப்பந்தங்களில் நூலகங்கள் கையெழுத்துப் போடக் கூடாது என்று தன் நூலகங்களைக் கட்டுப்படுத்தியது. ஒரு சிறிய மாநிலம் தனியாக முரண்டு பிடித்தால் பதிப்பாளர்கள் கண்டுகொள்ளாமல் போய்விடுவார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால், மொத்தம் 70 லட்சம் மக்கள்தொகை கொண்ட வேறு மாநிலங்களும் இதே போன்ற சட்டம் போட்ட பிறகுதான் இது நடைமுறைக்கு வரும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.